பக்கத்து வீட்டில் பூஜ்யம்

இன்னும் வரவில்லை. பால் பொங்கி, அடுப்பைத் துடைத்து, டீ போட்டுப் பாதி குடித்து மீதியை ஆறவும் விட்டாயிற்று, இன்றைய ஹோம்வொர்க் இன்னும் வரவில்லை. ஜெசிந்தா மிஸ் நேரம் தவறுகிற ஆள் இல்லை. பள்ளிக்கூட வேன்கள் கிளம்பியதும் முதல் வேலையாக ‘3 பி பெற்றோர்’ குரூப்பில் போட்டுவிடுவார். கணக்கில் எந்தப் பக்கம், தமிழில் எந்தப் பாட்டு, நாளைக்கு என்ன பழம் கொடுத்தனுப்ப வேண்டும், யார் யாருக்கு நகம் வெட்டவில்லை, எல்லாம். கடைசி வரி மட்டும் என்றைக்கும் மாறாது: பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வைக்கவும், செய்து கொடுக்க வேண்டாம். அந்த ஒரு வரியாவது வந்திருக்கலாம். ஃப்ரிட்ஜ் மேல் வைத்தால் சிக்னல் நன்றாக நிற்கும் என்று போனை அங்கே வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கிறேன், சிக்னல் நிற்கிறது, நெட்டும் இருக்கிறது. தங்கை அனுப்பிய ரோஜாப் பூ வணக்கம் வந்திருக்கிறது, நகைக்கடை விளம்பரம் வந்திருக்கிறது. இது மட்டும் வரவில்லை. நேற்றும் வரவில்லை. போன வாரமே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வந்தது, அதுவும் ஹோம்வொர்க் இல்லை, ‘நாளை பள்ளி உண்டு’ என்று மொட்டையாக ஒரு வரி. மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. முழுப் பரீட்சை வருகிற நேரம், பரீட்சை என்றால் இன்னும் நிறையத்தானே கொடுக்க வேண்டும். போனை அணைத்து மறுபடி போடுகிறேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் மிதுன் போய்விட்டான். இது மாசி. எந்தப் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்ல இந்த அவசரம் என்று கேட்பார்கள். கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை, மிதுன் அப்பா பனியன் கம்பெனியிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த குரூப்பில் நான்தான் எல்லாம். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மிஸ் இங்கிலீஷில் போட்ட கையோடு நான் அதைத் தமிழில் எழுதி அடியில் போடுவேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் ஆரம்பித்தேன். பாதிப் பேர் கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள், ராத்திரி வந்து இங்கிலீஷைப் பார்த்து முழி பிதுங்குவார்கள் என்று தெரியும். ‘தேங்க்ஸ் மிதுன் அம்மா’ என்று வரிசையாக வரும், கும்பிடுகிற கை வரும், ஹர்ஷினி அம்மாவுக்கு அது பிடிக்காது. குரூப்பை ஆரம்பித்தது அவர், அட்மின் அவர், பேர் வாங்குவது நானா என்று அவருக்குக் கொஞ்சம் உறுத்தல். இருக்கட்டுமே. பள்ளிக்கூடம் சொல்வது ஒன்று, அம்மாக்கள் செய்வது ஒன்று. பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று மிஸ் எழுதுவார், மறுநாள் தெர்மாகோலில் வரிசையாகக் கலங்கரை விளக்கம் வந்து நிற்கும், ஜெரோமின் அப்பா லேத் பட்டறைக்காரர், அவர் மகன் கொண்டுவந்த விளக்கு நிஜமாகவே சுற்றி எரிந்தது. எட்டு வயசுப் பையன் கடைசல் பிடித்துச் செய்தானாம். அதற்குத்தான் ஸ்டார் கொடுத்தார்கள். மிதுன் அன்றைக்குப் பஞ்சு ஒட்டிய கையோடு கோணல்மாணலாக ஒன்று செய்து எடுத்துப் போனான், நான் கை வைக்கவில்லை, மிஸ் சொல்லிவிட்டாரே. ஸ்டார் வரவில்லை என்று வந்து சொன்னான். அழவெல்லாம் இல்லை, சொன்னான், அவ்வளவுதான். ஜெரோமோட விளக்குல பேட்டரி இருக்கும்மா என்றான். அந்தக் கோணல் விளக்கு அலமாரி மேல்தான் இருக்கிறது, பஞ்சில் தூசி படிகிறது, ஊதினால் பஞ்சும் சேர்ந்து பறக்கும் என்று துடைக்காமல் விட்டிருக்கிறேன். மணி பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பார்த்தால் வராது. வேறு ஏதாவது வேலை பார். வெண்டைக்காய் நறுக்கு.

வெண்டைக்காய் நறுக்கினால் அவன் ஞாபகம் வராது என்று யார் சொன்னார்கள். காம்பை வெட்டி நெற்றியில் ஒட்டிக்கொண்டு உட்காருவான், கணக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு. எல்லாக் கணக்கும் வரும், கூட்டல் வரும், வாய்ப்பாடு மடமடவென்று வரும். கடன் வாங்கிக் கழிப்பது மட்டும் வராது. கடன் வாங்குவதுகூட வரும், நடுவில் பூஜ்யம் வந்தால் நின்றுவிடுவான். நாலில் எட்டு போகாது கண்ணு, பக்கத்து வீட்டில் கடன் கேளு என்பேன். கேட்பான். பக்கத்து வீட்டில் பூஜ்யம் இருக்கும். பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். “அவங்களே ஒண்ணும் இல்லாம இருக்காங்கம்மா, அவங்ககிட்டப் போயி எப்படிம்மா கேக்கறது?” சிரிப்பு வரும், கோபமும் வரும், குக்கர் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும். அதுக்கும் அடுத்த ஊட்ல கேக்கோணும் சாமி, அவங்க இவங்களுக்குக் குடுப்பாங்க, இவங்க உனக்குக் குடுப்பாங்க. அப்ப நடு வீட்டுக்காரங்க பாவம்ல, வாங்கினதைக் குடுத்துட்டு நிக்கறாங்க என்பான். பாவமெல்லாம் பார்த்தால் கணக்கு வராது, போடு. எத்தனையோ நாள் இதே பேச்சு. கடைசி வரைக்கும் அந்த ஒரு கணக்கு அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, ஹோம்வொர்க் வந்துருச்சாம்மா என்று கேட்டான். வந்திருந்தது. குரூப்பில் மிஸ் போட்டிருந்ததை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். லீவுன்னு சொல்லிட்டியா, மிஸ் திட்டுவாங்களா என்றான். திட்ட மாட்டாங்க, நீ தூங்கு என்றேன். நீ எழுதி வெச்சிரும்மா, என் எழுத்து மாதிரியே எழுது என்றான். எழுதினேன். செய்து கொடுக்க வேண்டாம் என்று மிஸ் சொன்னதை அன்றைக்குத்தான் மீறினேன். அவன் எழுத்து இடது பக்கம் சாயும், ஒன்பதுக்கு வால் நீளமாக இருக்கும், அதே மாதிரி எழுதிக் காட்டினேன். சிரித்தான். உதடு காய்ந்திருந்தது. இப்போதும் யாருக்கும் தெரியாமல் பால்காரர் காலண்டர் ஓரத்தில் ஒன்பது போட்டுப் பார்க்கிறேன், வால் சரியாக வருகிறதா என்று. சில நாள் வருகிறது. சில நாள் என் எழுத்தாகவே வந்துவிடுகிறது, அன்றைக்குப் பூராவும் காலண்டர் பக்கமே போக மாட்டேன்.

அவர் ஒரு நாள் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, அந்த குரூப்ல எதுக்கு இன்னும், வெளிய வந்துரு பரிமளா என்று. கோபமாகச் சொல்லவில்லை. எப்படி வருவேன். நான் வெளியே வந்தால் எல்லார் போனிலும் ‘மிதுன் அம்மா வெளியேறினார்’ என்று விழும். அதை என் கையால் எழுதிக் கொடுக்க மாட்டேன். என் பெயர் பரிமளா என்று அந்த குரூப்பில் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் அவர்கள் பெயர் தெரியாது. ஹர்ஷினி அம்மா, ஜெரோம் அம்மா, ரிஃபா அம்மா, பூவிதா அம்மா, போனிலும் அப்படித்தான் சேமித்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட கேட்டில் நிற்கும்போதும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். இப்போது கடைத்தெருவில் எதிரே வந்தால் அவர்களுக்கு வாய் வருவதில்லை. மிதுன் என்று ஆரம்பித்து, நிறுத்தி, ஏனுங்க என்கிறார்கள். அக்கா என்கிறார்கள். என்னைவிட மூத்தவர்கூட அக்கா என்கிறார். ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு வேலையே இல்லாத செருப்புக்கடைக்குள் நுழைந்துகொண்டாள். தப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் வலிக்காமல் இல்லை. குரூப்பில் மட்டும் நான் இன்னும் மிதுன் அம்மா. யாரும் கூப்பிடவில்லை என்றாலும் அங்கே அவர்கள் போனில் அந்தப் பெயர் இருக்கிறது. தமிழில் எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டேன், அது மட்டும் முடியவில்லை, படிப்பதை நிறுத்தவில்லை. பழ தினம் என்று வந்தது, கொய்யா வாங்கி வந்தேன். மஞ்சள் உடை என்று வந்தது, நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க அந்தச் சேலையோடு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன், சாயங்காலம் வந்த அவருக்குக் காரணம் தெரியவில்லை, நல்லாருக்கு என்று மட்டும் சொன்னார். நான் பைத்தியம் இல்லை. அவன் வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகலாம். அங்கே சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும். முனையில் வேன் நிற்கிற இடம் இங்கிருந்து தெரிகிறது, வேன் எப்போதோ போய்விட்டது, இப்போது நாய் ஒன்று படுத்திருக்கிறது. எதிர் மாடியில் ஹர்ஷினி தெரிகிறாள், அடுத்த தெருதான் அவர்கள் வீடு. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மனைப்பலகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், அவள் அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏதோ வாசிக்கிறார், இவள் எழுதுகிறாள். வாசிக்கிறார், எழுதுகிறாள். ஹோம்வொர்க்தான். எனக்குத் தெரியாதா, அந்த வாசிப்பு எனக்குத் தெரியாதா. அப்படியென்றால் வந்திருக்கிறது. துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுப் போனைப் பார்க்கிறேன், ‘3 பி பெற்றோர்’, கடைசியாக ‘நாளை பள்ளி உண்டு’. ஹர்ஷினி அம்மா தலையைத் தூக்குகிறார், என்னைப் பார்க்கிறார், போனைப் புடவைத் தலைப்புக்குள் கொண்டுபோகிறார். எதற்கு மறைக்க வேண்டும். போனில் என்ன இருந்தால் என்னிடம் மறைக்க வேண்டும். மிஸ் நேராக டைரியிலேயே எழுதிவிட்டிருப்பார், ஹர்ஷினி அம்மா போனில் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார். டைரி மகள் கையில் இல்லையே, போன் அம்மா கையில் அல்லவா இருந்தது. யோசிக்காதே. படி இறங்கு, மெதுவாக இறங்கு. துணியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, சமையலறைக்குள் வந்து மறுபடி கத்தியை எடுத்ததும் போன் சத்தம் போட்டது. வந்துவிட்டது என்று ஓடினேன், நிஜமாகவே ஓடினேன். குரூப்பில் இல்லை. பூவிதா அம்மா தனியாக எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார். தேனிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், இங்கிலீஷ் சுத்தமாக வராது, நான் எழுதிப் போடுவதை வைத்துத்தான் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார். படத்தைத் திறந்தேன். போன் திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஜெசிந்தா மிஸ்ஸின் மெசேஜ், இன்றைய தேதி, கணக்கில் திருப்புதல், பக்கம் எல்லாம் போட்டு, அடியில் அந்த வரி, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து. மேலே குரூப்பின் பெயர் தெரிந்தது. ‘3 பி ஹோம்வொர்க்’. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஹர்ஷினி அம்மா, ஜெரோம் அம்மா, ரிஃபா அம்மா, அதற்கு மேல் இடம் போதாமல் புள்ளிகள். புதுசு. நான் இல்லாத ஒன்று. கையில் இருந்த வெண்டைக்காய்ப் பிசுக்கு திரையில் ஒட்டி எழுத்து மங்கியது, துடைத்துவிட்டு மறுபடி படித்தேன், புள்ளிகளுக்குள் என் பெயர் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு மூளை போய்விட்டது. கேட்டில் நின்று பேசியிருப்பார்கள். பாவங்க, அவங்க தினமும் பாத்துட்டு இருப்பாங்கல்ல, நாம இங்க ஹோம்வொர்க் ஹோம்வொர்க்னு போட்டுட்டு இருக்கோம், மனசு என்ன பாடுபடும். அதுக்காக எடுத்து விட முடியுமாங்க, ‘மிதுன் அம்மா நீக்கப்பட்டார்’னு வருமே. அப்ப ஒண்ணு பண்ணலாம், அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கலாம். மிஸ்ஸும் சரி என்றிருப்பார். அவ்வப்போது அந்தப் பழைய குரூப்பிலும் ஒரு வரி போடுங்க மிஸ், சந்தேகம் வரக் கூடாது என்று ஹர்ஷினி அம்மாவே சொல்லியிருப்பார். அதுதான் அந்த ‘நாளை பள்ளி உண்டு’.

கையில் இருந்த கத்தியைச் சிங்க்கில் போட்டேன், எறிந்தேன் என்று சொன்னாலும் சரிதான். ஒரு வீட்டில் எல்லாரும் இருக்கிற மாதிரி விளக்கைப் போட்டுவிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். இத்தனை நாளாக நான் தனியாக உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன கேட்பார்கள், ஏனுங்க, உங்க பையன் இல்லை, உங்களுக்கு ஹோம்வொர்க் வேணுமா என்றா. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன், அதுவும் முதல் ஆளாக நான்தான் யோசனை சொல்லியிருப்பேன், எனக்குத்தான் இதிலெல்லாம் மூளை ஓடும். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. கெட்ட மனசாக இருந்தால் சண்டை போடலாம். அங்கே மட்டும்தான் அந்தப் பெயர் மிச்சம் இருந்தது, ஆள் இல்லாத இடத்தில் பெயர் இருந்து என்ன, கூப்பிட வாய் வேண்டாமா. தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொடியில் துணி ஆடிக்கொண்டிருக்கும், இருட்டினால் பனி இறங்கும், எழுந்து போக வேண்டும் என்று நினைக்கிறேன், எழவில்லை. போன் அடித்தது. பூவிதா அம்மா. எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

பூவிதா அம்மா மூச்சு விடாமல் பேசினார். பாதி புரிந்தது. படத்தை அனுப்பின பிறகுதான் மேலே பேர் இருப்பதைக் கவனித்தாராம், அழிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேனாம், ஹர்ஷினி அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாராம். அப்புறம் குரல் இறங்கியது. “உங்களக் கஷ்டப்படுத்தணும்னு இல்லக்கா. நாலு நாளா இந்தக் கணக்கு வரல, பிள்ள அழுதுட்டு ஒக்காந்திருக்கு. நீங்க எழுதிப் போடுறது நின்னதுலருந்து எனக்கு யாரக் கேக்கன்னு தெரியல. கேட்டா மத்தவங்க பக்கம் நம்பரச் சொல்லிட்டு வச்சுர்றாக.” நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன். சரிக்கா, மன்னிச்சுக்கங்க, வைக்கிறேன் என்றார். அதற்குள் போனைப் பிள்ளை பிடுங்கிக்கொண்டது போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“மிதுன் அம்மா,” என்றாள் பூவிதா.

தடுமாறவில்லை, நிறுத்தவில்லை, மாற்றிச் சொல்லவில்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தேன், வெண்டைக்காய்ப் பிசுக்கு இமையில் ஒட்டியது.

“சொல்லு கண்ணு,” என்றேன்.

“ஐநூத்தி நாலுல இருந்து இருநூத்தி முப்பத்தெட்டு போகணும். நாலுல எட்டு போகாது. பக்கத்து வீட்ல கேக்கலாம்னா அங்க பூஜ்யம் இருக்கு.” கொஞ்சம் யோசித்தாள். “மிதுனும் இதத் தப்பாத்தான் போடுவான், இல்ல? அவனும் நானும் ஒரே மாதிரி தப்பு போட்டோம். மிஸ் ரெண்டு பேரையும் நிக்க வச்சாங்க.”

அவன் இதை என்னிடம் சொல்லவே இல்லை. நிற்க வைத்தது எனக்குத் தெரியாது. இத்தனை மாதம் கழித்து அவனைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று, அந்தப் பிள்ளையிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அழுகையோடு சிரிப்பும் வந்தது, எது எது என்று பிரிக்க முடியவில்லை, பிரிக்கவும் எனக்கு வேண்டாம்.

“ஆமாம் கண்ணு,” என்றேன். “அவனுக்கு அது வரவே இல்லை. அந்த எடத்துலதான் நிப்பான்.”

“அப்ப எனக்கும் வராதா?”

“வரும். பென்சில எடு. பக்கத்து ஊட்ல இல்லீன்னா அதுக்கும் அடுத்த ஊட்ல கேக்கோணும். அஞ்சு இருக்குதல்லோ, அவங்களக் கேளு.”

அந்தப் பக்கம் பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. அஞ்சை அடித்து நாலு என்று எழுதுகிறாளாம். நடு வீட்டில் பத்து. அதிலிருந்து ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் கொடுத்தால் நடு வீட்டில் எவ்வளவு என்று கேட்டேன். விரலை மடக்குகிறாள் போல. நான் காத்திருந்தேன். சொல்லிவிடலாம், நுனி நாக்கில் இருந்தது, சொல்லவில்லை. செய்து கொடுக்க வேண்டாம்.

“ஒம்போது,” என்றாள் பூவிதா.

“எழுது,” என்றேன். “வால் கொஞ்சம் நீளமாப் போடு.”